கம்பி அணிகலன்

கம்பி அணிகலன் என்பது உலோகக் கம்பியைக் கையால் வளைத்தும் முறுக்கியும் சுற்றியும் செய்யும் நகை. இதற்கு வார்ப்பு அச்சு வேண்டாம். பெரும்பாலும் பொடி வைத்து ஊதி ஒட்டும் வேலையும் இல்லை. கம்பியின் விறைப்பே உறுப்புகளைப் பிடித்து நிறுத்துகிறது. ஒவ்வொன்றையும் தனியாக வளைப்பதால், அணிபவரின் கையளவுக்கும் பெயருக்கும் ஏற்பச் செய்துகொள்ளலாம்.

தாமிரபரணிக் கரையில்

ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே, ஆற்றின் தென்கரையிலுள்ள ஆதிச்சநல்லூர் இப்பகுதி உலோகக் கலையின் பழைய சான்று. 1876இல் ஜெர்மானியர் யாகோரும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும் இங்கே அகழ்ந்தனர். வெண்கல, இரும்புப் பொருள்களோடு பொன்னாலான நெற்றிப்பட்டங்களும் கிடைத்தன. மெல்லிய தகட்டின் இரு முனைகளிலும் கட்டுவதற்குத் துளைகள் உண்டு. 2022இல் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்விலும் ஒரு பட்டம் வெளிப்பட்டது. ஆற்றின் போக்கில் கீழே உள்ள கொற்கை பாண்டியரின் முத்துத் துறைமுகம். துளையிட்ட முத்தைக் கம்பியில் கோத்து முனையைச் சுழிப்பது கம்பி நகையின் அடிப்படை வேலை. தென்மாவட்டப் பெண்கள் வளர்த்த காதில் அணிந்த பாம்படமோ தகட்டு வேலை. உள்ளே அரக்கு நிரப்பியது.

கம்பியும் கருவியும்

பொற்கொல்லர் உலோகத்தைக் காய்ச்சி, அடித்து, கம்பி அச்சின் துளைகளில் பெரியதிலிருந்து சிறியதாக வரிசையாக இழுத்து மெலிதாக்குவர். ஒரு கிராம் தங்கத்தை 2 கி.மீ. நீளத்துக்கு மேலும் இழுக்க முடியும். வீட்டில் பழகுவோர் செம்பு, பித்தளை, வெள்ளிக் கம்பிகளைப் பயன்படுத்துகின்றனர். எனாமல் பூசிய மோட்டார் வைண்டிங் கம்பியும் உதவும். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும்: 18 கேஜ் சுமார் 1.2 மி.மீ., 20 கேஜ் 0.9 மி.மீ., 26 கேஜ் 0.46 மி.மீ. சட்டத்துக்குத் தடித்ததும், சுற்றிக் கட்ட மெல்லியதும் ஏற்றவை. உருண்டை மூக்குக் குறடு, தட்டை மூக்குக் குறடு, கட்டிங் பிளேயர், அரம் ஆகியவை போதும்.

செய்முறை

முதலில் அளவு. கடையில் 2.4, 2.6, 2.8 என்று சொல்லும் வளையல் அளவில், புள்ளிக்குப் பின்வரும் எண் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்குகளைக் குறிக்கும், எனவே 2.4 என்பது 57 மி.மீ., 2.8 என்பது 63.5 மி.மீ. உள்விட்டம். விட்டத்தை 3.14ஆல் பெருக்கி, கொக்கிக்கும் சுழிக்கும் சிறிது கூட்டிக் கம்பியை வெட்ட வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் உலோகம் இறுகி ஒடியும். எனாமல் பூசாத செம்பைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மீண்டும் இளகும். வெட்டிய முனையை அரத்தால் மழுக்காவிட்டால் தோலைக் கீறும்.

பெயர் வளைத்தல்

ஆங்கிலக் கூட்டெழுத்தை ஒரே கம்பியில் விடாமல் எழுதலாம். தமிழ் எழுத்துகள் தனித்தனியானவை. கால், கொம்பு, புள்ளி என்பன எழுத்தைத் தொடாமலே நிற்பவை. எனவே அடியில் நீளக் கம்பி ஒன்றை ஓடவிட்டு, எழுத்துகளை அதனோடு மெல்லிய கம்பியால் சுற்றிக் கட்டுவது வசதி. புள்ளிக்குச் சிறு மணி கோக்கலாம். ன, ண ஆகியவற்றின் சுழிகள் குறட்டுக்கு எளிதில் வசப்படும். ட போன்றவற்றின் கூர்மூலைக்குத் தட்டை மூக்குக் குறடு தேவை.

பிற மரபுகள்

ஒடிசாவின் கட்டக் ‘தாரகாசி’யும் தெலங்கானாவின் கரீம்நகர் வெள்ளி வேலையும் புவிசார் குறியீடு பெற்றவை. நுண்கம்பிகளைச் சட்டத்துக்குள் அடைத்துப் பற்றவைப்பதால் இவை சுற்றுக் கம்பி நகையிலிருந்து வேறுபடுகின்றன. அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் (1898–1976) கம்பியை வளைத்தும் தட்டியும் நண்பர்களுக்கென நகைகள் செய்தார். ஓவியர் ஜார்ஜியா ஓகீஃபுக்காக அவர் பெயரின் எழுத்துகளையே பித்தளை ஊசிநகையாக்கினார். ஓகீஃப் தலை நரைத்தபின், அதைப் போலவே வெள்ளியில் ஒன்றை இந்தியாவில் செய்துகொண்டார்.

பராமரிப்பு

வியர்வையாலும் ஈரக்காற்றாலும் செம்பும் பித்தளையும் கறுக்கும். புளியால் தேய்த்துக் கழுவி உடனே துடைத்தால் பளிச்சிடும். முத்து கோத்த நகைக்குப் புளி ஆகாது. அமிலம் முத்தை அரிக்கும். எனாமல் கம்பியை ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.