காற்றின் மேல் பழி

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். நடுங்காத படை ஒன்றும் உண்டு. அது பாம்பை விலை பேசுகிறவர்களின் படை.

அமெரிக்காவில், ப்ளோரிடா மாகாணத்தின் தென்கோடியில், எவர்கிளேட்ஸ் என்ற பெரிய சதுப்புக் காடு இருக்கிறது. பர்மிய மலைப்பாம்புகள் அங்கே ஆயிரக்கணக்கில் குடித்தனம் நடத்துகின்றன. பர்மா எங்கே, ப்ளோரிடா எங்கே? எப்படி வந்தன என்று கேட்டால், பலர் ஒரு புயலைக் கை காட்டுவார்கள். 1992-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி அடித்த ஆண்ட்ரூ புயலில் பாம்புப் பண்ணை ஒன்று இடிந்து, குட்டிகள் காட்டுக்குள் போய்விட்டனவாம். பண்ணை இடிந்தது நிஜந்தான். ஆனால் 1979-லேயே அந்தக் காட்டை ஒட்டிய நெடுஞ்சாலையில் ஒரு பர்மிய மலைப்பாம்பு கிடைத்திருக்கிறதே! புயலுக்குப் பதின்மூன்று ஆண்டு முன்னால் எந்தக் காற்று அதைக் கொண்டுவந்தது? காற்றுக்கு வாயில்லை; அதன் தலையில் எதை வேண்டுமானாலும் சுமத்தலாம்.

கதை எழுதுகிற எனக்குப் புயலைவிட ஒரு கடைதான் கண்முன் நிற்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் முழத்துக்குச் சற்று மேல் நீளமாய் ஒரு குட்டி. பழுப்பும் மஞ்சளுமாகப் பட்டுச் சேலைக் கரை மாதிரித் தோல். பையன் அடம் பிடிக்கிறான். தகப்பனார் பணத்தை எடுத்து நீட்டுகிறார். ஒரு வருஷத்தில் அது ஆறு, ஏழு அடி ஆகும். பெண்ணாக இருந்தால் பதினைந்து அடியையும் தாண்டும். இருபது வருஷத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். இன்று சுண்டெலி தின்பது நாளை முயல் கேட்கும். இதையெல்லாம் கடைக்காரர் சொல்வதில்லை. பையன் கல்லூரிக்குப் போய்விடுகிறான். தகப்பனார் ஓர் இரவு சாக்கு மூட்டையைக் காரில் ஏற்றிக்கொண்டு சதுப்பு நிலத்துக்குப் போகிறார். பாவம், கொல்ல மனம் வராத நல்ல மனிதர்!

நியாயமான வளர்ப்பாளர்கள் இல்லாமல் இல்லை. வாங்க வருகிறவனிடம் வளர்ந்த பாம்பைக் காட்டி, "இதற்கு உன் வீட்டில் இடம் உண்டா?" என்று கேட்பார்கள், வளர்க்க முடியாவிட்டால் தாங்களே திரும்ப வாங்கிக்கொள்வார்கள், சிறு பையன்களிடம் விற்க மாட்டார்கள். ஆனால் இந்தத் தொழிலில் ஒரு பொல்லாத கணக்கு இருக்கிறது. ஒரு தாய்ப்பாம்பு ஒரே ஈற்றில் ஐம்பது முட்டை இடக்கூடும். நூறு வரைக்கும்கூடப் போகும். சுருண்டு படுத்து, உடம்பை உதறி உதறிச் சூடேற்றி, அவற்றை அடைகாக்கும். ஒரே நாளில் ஐம்பது பெண்களுக்கு வரன் தேடுவது போன்ற காரியம் இது. நல்ல இடம் ஐம்பது கிடைக்குமா? கிடைக்காதென்று தெரிந்து ஆணையும் பெண்ணையும் சேர விடாமல் வைப்பவர்தான் யோக்கியமான வளர்ப்பாளர். அவருக்கு அதனால் நஷ்டம். அடுத்த தெருக் கடைக்காரருக்கு லாபம்.

சட்டம் மெள்ளத்தான் வந்தது. வளர்க்க முடியாதவர்கள் தண்டனையில்லாமல் கொண்டுவந்து ஒப்படைக்கலாம் என்று 2006-ல் ஏற்பாடு செய்தார்கள். 2008-ல் ஆண்டுக்கு நூறு டாலர் அனுமதிக் கட்டணமும், பாம்பின் தோலுக்கடியில் அடையாளச் சில்லும் கட்டாயமாயின. 2012-ல் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வதையே மத்திய அரசாங்கம் நிறுத்தியது. அதே வருஷம் வெளியான ஓர் ஆராய்ச்சி, ராக்கூன் என்ற சிறு விலங்கு எவர்கிளேட்ஸில் கண்ணில் படுவது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு குறைந்துவிட்டது என்றது.

இனி வருவது நம்மவர்கள் சமாசாரம். 2017 ஜனவரியில் செங்கற்பட்டுச் சீமையிலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை ப்ளோரிடாவுக்கு அழைத்தார்கள். இவர்களுடைய முன்னோர் தோல் வியாபாரிகளுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வந்தபின் அந்தப் பிழைப்பு போயிற்று. 1978-ல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாம்பைப் பிடித்து, விஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மறுபடி காட்டிலேயே விட ஆரம்பித்தார்கள்.

அமெரிக்காவில் முதல் எட்டு நாளில் பதின்மூன்று மலைப்பாம்புகள் பிடித்தார்கள். கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளம் ஒன்றில் பதினாறடிப் பெண் பாம்பு அகப்பட்டது. ஊரில் பிடித்த பாம்பைக் கடைசியில் காட்டில் விட்டுப் பழகியவர்கள், அங்கே பிடித்ததை அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினார்கள்.