‘டிஸ்மல்’ – ஒரு தீயநாளின் வரலாறு

‘டிஸ்மல்’ என்னும் ஆங்கிலச் சொல்லை நம்மில் பலர் பள்ளி நாள்களிலேயே கற்றிருப்போம். அகராதியைப் புரட்டினால் இருண்ட, சோர்வூட்டுகின்ற, களையற்ற என்று பொருள் கிடைக்கும். மழை விடாது பெய்யும் மாலைப்பொழுது டிஸ்மல். ஆட்டத்தில் தோற்ற அணியின் ஆட்டமும் டிஸ்மல். இத்துணை எளிய சொல்லுக்குள் ஒரு பஞ்சாங்கம் புதைந்து கிடக்கிறது என்பதை அச்சொல்லை நாள்தோறும் வழங்கும் ஆங்கிலேயரே மறந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன.

இச்சொல் பிறக்கும்போது உரிச்சொல் அன்று, பெயர்ச்சொல். அதன் மூலம் ‘டியேஸ் மாலி’ என்னும் இலத்தீன் தொடர். ‘தீய நாள்கள்’ என்பது அதன் பொருள். இங்கிலாந்தை நார்மானியர் வென்ற பிறகு அந்நாட்டில் வழங்கிய பிரெஞ்சு மொழியில் இது ‘டிஸ் மால்’ எனக் குறுகியது. பிரெஞ்சில் திங்கட்கிழமையை ‘லந்தி’ என்றும் செவ்வாய்க்கிழமையை ‘மர்தி’ என்றும் கூறுவதைப் புதுவையில் அம்மொழி பயின்ற அன்பர்கள் அறிவர். அவற்றின் ஈற்றில் நிற்கும் ‘தி’யும் டிஸ்மலின் தொடக்கத்தில் நிற்கும் ‘டிஸ்’சும் ஒன்றே, இரண்டும் நாளையே குறிப்பன. ‘டிசாஸ்டர்’ என்னும் பேரிடர்ச் சொல்லோடு இதனை இணைத்துக் குழப்பிக்கொள்ளலாகாது. அங்கே உள்ள ‘டிஸ்’ கெடுதலைக் குறிக்கும் முன்னொட்டு. ‘ஆஸ்டர்’ என்பது விண்மீன். ஒன்று கெட்ட நட்சத்திரம்; மற்றொன்று கெட்ட நாள். கேட்டின் காரணத்தை வானத்தில் தேடும் பழக்கம் எந்த நாட்டிற்கும் தனியுரிமை அன்று.

அந்தத் தீய நாள்கள் எவை? இடைக்கால ஐரோப்பாவில் அவற்றை ‘எகிப்திய நாள்கள்’ என்றனர். எகிப்தியச் சோதிடர் கணித்தவை என்பது நம்பிக்கை. மாதத்திற்கு இரண்டாக ஆண்டிற்கு இருபத்து நான்கு. சனவரி 1, 25. பிப்ரவரி 4, 26. மார்ச் 1, 28 என்று பட்டியல் நீளும். ஆகஸ்டு மாதத்திற்கு உரியவை 1, 30. (ஆகஸ்டு முதல் நாளை அன்பர்கள் நினைவில் இருத்துமாறு வேண்டுகிறேன்.) இந்நாள்களில் பயணம் புறப்படலாகாது, புதிய செயலைத் தொடங்கலாகாது, மருத்துவர் நோயாளியின் குருதியை வெளியேற்றலாகாது. குருதி வடித்தலே தலைசிறந்த மருத்துவமாகக் கருதப்பெற்ற காலத்தில் இது பெரிய தடை. இவற்றுள்ளும் மிகக் கொடியவை என மூன்று நாள்களைத் தனியே பிரித்து, அன்று வாத்து இறைச்சி உண்பவன் விரைவில் மாள்வான் என்று எழுதிவைத்த ஏடுகளும் உண்டு. அந்த நாள்களில் வாத்துகளாவது நிம்மதியாக இருந்திருக்கும்!

நமக்கு இது புதிதன்று. திதியும் நட்சத்திரமும் எதுவாயினும் ஒவ்வொரு தமிழ் மாதத்திலும் குறிப்பிட்ட தேதிகளைக் ‘கரிநாள்’ என்று நம் பஞ்சாங்கங்கள் அச்சிட்டு வருகின்றன. டிஸ்மலின் மூலப்பொருளுக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டுமெனில் கரிநாளினும் பொருத்தமானது கிடைக்காது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நான் கூறவரவில்லை. ஒத்த அச்சம் ஒத்த சொல்லை ஈன்றது, அவ்வளவே.

கி.பி. 354ஆம் ஆண்டைச் சார்ந்த உரோமை நாள்காட்டியிலேயே எகிப்திய நாள்கள் குறிக்கப்பெற்றுள்ளன. அந்நூற்றாண்டின் இறுதியில் புனித அகுஸ்தீன், கிறித்தவராகிய பின்னும் மக்கள் இந்நாள்களுக்கு அஞ்சிப் பயணத்தைத் தள்ளிப்போடுவதைக் கண்டு கடிந்து எழுதினார். நாளும் கோளும் அடியாரை என்செயும் என்னும் துணிவில் கோளறு பதிகம் பாடிய திருஞானசம்பந்தரை இங்கே நினையாதிருக்க இயலவில்லை. ஆயினும் அகுஸ்தீனின் கடிதல் பயன் தரவில்லை. திருச்சபையின் நாள்காட்டிகளிலேயே, புனிதர்களின் திருநாள்களுக்கு அருகில், தீய நாள்களும் ஆயிரம் ஆண்டுகள் இடம்பெற்று வந்தன.

1256இல் ரவுஃப் த லின்ஹாம் என்பவர் நார்மன் பிரெஞ்சில் செய்யுள் வடிவில் நாள்காட்டிக் கலை பற்றி ஒரு நூல் செய்தார். அதில் ‘டிஸ்மல்’ என்னும் சொல்லைக் கூறி, ‘தீய நாள்கள் என்பதே இதன் பொருள்’ என்று விளக்கமும் தருகிறார். சொல்லுக்கு விளக்கம் தேவைப்படும் நிலை அப்பொழுதே வந்துவிட்டது என்பது நோக்கத்தக்கது.

அடுத்து இச்சொல்லைக் கையாண்டவர் ஆங்கிலக் கவிதையின் தந்தை எனப் போற்றப்பெறும் சாசர். லங்காஸ்டர் கோமகள் பிளான்ச் 1368இல் மறைந்ததை ஒட்டி அவர் பாடிய ‘கோமகள் நூல்’ என்னும் கையறுநிலைக் காவியத்தில், கருப்பு உடை அணிந்த தலைவன் ஒருவன் தன் காதலை முதன்முதலில் தலைவியிடம் உரைத்த நாளை நினைவுகூர்கிறான். அச்சத்தால் நா தடுமாறிற்று. கற்பனை செய்து வைத்திருந்த சொற்கள் பாதி மறந்தன. அன்று ‘டிஸ்மல்’ ஆக இருந்திருக்க வேண்டும் என்று நொந்துகொள்ளும் அவன், அதனை எகிப்து நாட்டிற்கு இறைவன் அனுப்பிய பத்து வாதைகளோடு இணைக்கிறான். பிரெஞ்சில் ‘டிஸ்’ என்று ஒலிக்கும் மற்றொரு சொல்லுக்குப் பத்து என்று பொருள். தீய நாள் என்பது பத்துத் தீமை ஆகிவிட்டது. சாசர் பிழைபடக் கொண்டாரா, அறிந்தே சிலேடை செய்தாரா என்பது அறிஞர்களின் வாதம். சிலேடை என்பதே என் துணிபு. எகிப்திய நாள், எகிப்தின் வாதை, பத்து என்னும் மூன்றும் ஒரே ஒலியில் வந்து கூடும்போது ஒரு கவிஞன் அதைக் கைவிட்டிருப்பானா?

சாசருக்குப் பின் ஒரு விந்தை நிகழ்ந்தது. சொல்லுக்குள் நாள் இருப்பதை மக்கள் மறந்தனர். மறந்தமையால் ‘டிஸ்மல் நாள்கள்’ என்று கூறலாயினர். நடுசென்டர் என்று நாம் கூறுவதைப் போன்ற மிகைதான் இது. ஆனால் அந்த மிகைச்சொல் டிஸ்மலின் பிறவியையே மாற்றிவிட்டது. ‘நாள்’ தனியே வந்து நிற்கவே, டிஸ்மல் என்பது அதற்கு அடைமொழி போலத் தோன்றிற்று. 1590இல் வெளிவந்த ஸ்பென்சரின் ‘ஃபேரி குவீன்’ காப்பியம் கோரமான பேயொன்றுக்கு டிஸ்மல் நாளையே உவமை கூறுகிறது. அடைமொழி ஆனபின் அது நாளோடு மட்டும் ஏன் கட்டுண்டு கிடக்க வேண்டும்? சேக்சுபியர் ‘மாக்பெத்’தில் போருக்கும், ‘ஹாம்லெட்’டின் முடிவில் பிணங்கள் கிடக்கும் அவையின் காட்சிக்கும் அதனைச் சூட்டினார். 1667இல் மில்டன் நரகத்தின் நிலப்பரப்பிற்கே இச்சொல்லைத் தந்தார். கேடு விளைக்கும் என்பதிலிருந்து அச்சந்தரும் என்றாகி, அச்சம் தேய்ந்து இருள் என்றாகி, இருளும் வெளிறி இன்று வெறும் சோர்வாகி நிற்கிறது. உயர்பொருட் பேறு, இழிபொருட் பேறு என்று மொழிநூலார் வகுப்பர். இது இரண்டிலும் அடங்காது. வலுவிழப்பு என்றே கூறவேண்டும்.

எனினும் இரண்டிடங்களில் இச்சொல் பெயராகவே உறைந்து நின்றுவிட்டது. இரண்டும் அடிமை வாணிகத்தோடு தொடர்புடையன.

அமெரிக்காவில் வர்ஜீனியாவிற்கும் வட கரோலினாவிற்கும் இடையே பரந்து கிடக்கிறது ‘மாபெரும் டிஸ்மல் சதுப்பு’. 1728இல் இரு குடியேற்றங்களுக்கும் எல்லை அளக்கச் சென்ற குழுவிற்கு வில்லியம் பேர்டு என்னும் பெருநிலக்கிழார் தலைமை தாங்கினார். அளவையாளர்கள் இடுப்பளவு சேற்றில் அதனைக் கடந்தனர். பேர்டு சுற்றுவழியில் சென்று மறுகரையில் காத்திருந்தார். அதன் கொடுமையை விரிவாக வருணித்தவரும் அவரே! 1763இல் ஜார்ஜ் வாஷிங்டனும் பிறரும் கூடி அச்சதுப்பை வடித்து நிலமாக்க ஒரு நிறுவனம் தொடங்கினர். 1793 முதல் அதனூடே கால்வாய் வெட்டப்பெற்றது. வெட்டிய கைகள் அடிமைகளின் கைகள்.

உரிமையாளர்கள் கேடுற்ற இடமெனப் பெயரிட்டு அஞ்சிய அதே சதுப்பு, தப்பியோடிய அடிமைகளுக்கு அடைக்கலம் ஆயிற்று. வேட்டை நாய்களும் குதிரைகளும் எளிதில் புக இயலாத உள்திட்டுகளில் அவர்கள் குடில் அமைத்துத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் தொல்லியலார் டேனியல் சேயர்சு அங்கே நிகழ்த்திய அகழாய்வுகள் அவ்வாழ்வின் தடயங்களை வெளிக்கொணர்ந்துள்ளன. 1842இல் லாங்ஃபெல்லோ அச்சதுப்பில் ஒளிந்திருக்கும் அடிமையைப் பற்றிக் கவிதை எழுதினார்; 1856இல் ஹாரியட் பீச்சர் ஸ்டோ அதனையே களமாகக் கொண்டு ‘ட்ரெட்’ என்னும் புதினத்தைப் படைத்தார். யாருக்குத் தீயது அந்த இடம் என்னும் வினாவைப் பெயரிட்டவர்கள் எழுப்பிக்கொண்டதில்லை.

இரண்டாவது, பொருளியலுக்கு வாய்த்த ‘டிஸ்மல் சயன்ஸ்’ என்னும் பட்டம். மக்கள்தொகை பெருகிப் பஞ்சம் வரும் என்று மால்தசு எழுதியதைக் கண்டு தாமசு கார்லைல் இவ்வாறு இகழ்ந்தார் என்று பலரும் எழுதிவருகின்றனர். இப்பட்டம் பிறந்த இடம் வேறு. 1849 திசம்பரில் ‘ஃபிரேசர்ஸ் மேகசின்’ இதழில் கார்லைல் எழுதிய கட்டுரை மேற்கிந்தியத் தீவுகளில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களைப் பற்றியது. அவர்கள் தோட்டங்களில் உழைக்க விரும்பவில்லையாயின் கட்டாயப்படுத்தி உழைக்கச் செய்யவேண்டும் என்பது அவர் வாதம். கூலியும் வேலையும் தேவைக்கும் வரத்துக்கும் ஏற்ப அமையட்டும், மனிதரை அவர் போக்கில் விடுங்கள் என்ற பொருளியலாரையே அவர் ‘இருண்ட அறிவியல்’ என்று ஏசினார். அதாவது, விடுதலையின் பக்கம் நின்றமைக்காகவே அவ்வறிவியலுக்கு இப்பெயர் கிட்டிற்று. 1850இல் அதே இதழில் ஜான் ஸ்டூவர்ட் மில் கடுமையான மறுப்பு எழுதினார். கார்லைலோ 1853இல் தம் கட்டுரையை, தலைப்பை இன்னும் இழிவாக்கி, தனி நூலாக வெளியிட்டார். இவ்வரலாற்றை 2001இல் டேவிட் லெவி ஒரு நூலாகவே விரித்து எழுதியுள்ளார்.

கார்லைல் ஏங்கிய உழைப்பாளிகளை வேறொரு வழியில் தோட்ட முதலாளிகள் தேடிக்கொண்டனர். கல்கத்தாவிலும் சென்னையிலும் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகள் அவர்கள். மேற்கிந்தியத் தீவுகளுக்கு 1840களிலேயே தமிழர்களும் சென்றனர். பின்னாளில் பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களுக்காகக் கண்ணீர் வடித்தது இதே நெடுங்கதையின் மற்றோர் அத்தியாயத்திற்காக.

பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதிகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வந்த நாள் 1834ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள். ‘பயிற்சிக்காலம்’ என்ற பெயரில் நீடித்த கட்டாய உழைப்பு முடிவுற்று முழு விடுதலை கிட்டியதும் ஆகஸ்டு முதல் நாளே, ஆண்டு 1838. புதிய செயல் எதனையும் தொடங்கலாகாது என்று எகிப்திய நாள் பட்டியல் விலக்கி வைத்திருந்த அதே தேதி! சட்டம் இயற்றியவர்கள் அப்பட்டியலைப் பார்க்கவில்லை. 1985 முதல் டிரினிடாட் டொபாகோ நாட்டில் அந்நாள் விடுதலைத் திருநாளாக அரசு விடுமுறையுடன் கொண்டாடப்பெற்று வருகிறது.