செயல் அலுவலர்

திருவொற்றியூர்த் தேரடியில் 'ஈ.ஓ.' என்றால் விளக்கம் தேவையில்லை. கோயிலின் கணக்கு, சாவி, உற்சவம் எல்லாவற்றுக்கும் பொறுப்பான அறநிலையத்துறை அதிகாரி அவர். ஆங்கிலத்தில் 'எக்ஸிகியூட்டிவ் ஆபீசர்', தமிழ் எழுத்தில் 'செயல் அலுவலர்'. 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு இவரது நியமனத்துக்கு வழிசெய்கிறது. பேரூராட்சிகளிலும் இதே பதவிப்பெயர் உண்டு.

'செய்' என்ற வினையோடு 'அல்' விகுதி சேர்ந்தால் செயல். அலுவல் என்றால் வேலை. அதைப் பார்ப்பவர் அலுவலர்.

கோயிலில் இந்தப் பதவி புதிதன்று. சோழர் கல்வெட்டுகளில் கோயில் நிர்வாகத்தைக் கவனித்தவர் 'ஸ்ரீகாரியம்'. காரியம், செயல்: வடமொழி போய்த் தமிழ் வந்தது, பொருள் அப்படியே.

கோயிலில் பொருந்தும் இந்தப் பெயர் கலைக்கூடத்துக்கு வந்தால்தான் சிக்கல். 1951-இல் தேசிய கலைக்கூடமான எழும்பூர் மாளிகை போன்ற இடங்களில் சிற்பத்தையும் ஓவியத்தையும் காப்பவர் காப்பாட்சியர், தலைமை இயக்குநருடையது. இயக்குநரின் கடிதம், கூட்டம், செலவுச்சீட்டு பார்க்கும் உதவியாளரை ஆங்கிலத்தை ஒட்டிச் 'செயல் அலுவலர்' என்றால், தமிழ்க் காதுக்கு அவரே தலைவர்போல் ஒலிக்கும். அங்கே 'நிர்வாக அலுவலர்' பொருந்தும்.