ஒரு பாகப்பிரிவினைக் கணக்கும் முதல் நிரலும்

'அல்காரிதம்' என்ற சொல் முஸ்லிம் அறிஞர் ஒருவரின் பெயரிலிருந்து பிறந்தது என்பதை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். கேட்டு மகிழ்ந்து வீடு திரும்புகிறோம். வீட்டிலோ, கோடை விடுமுறையில் கணினி நிரல் எழுதப் பழகத் தொடங்கிய பிள்ளை, "இது எனக்கு வராது" என்று முதல் வாரத்திலேயே மடிக்கணினியை மூடி வைத்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு அவ்வறிஞரின் பெயரைவிட, அவர் கணக்கை எழுதிய விதமே அதிகம் உதவும்.

முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மீ ஏறத்தாழ கி.பி. 780 முதல் 850 வரை வாழ்ந்தவர். கலீஃபா மஃமூனின் ஆட்சியில் (813–833) பக்தாதின் பைத்துல் ஹிக்மாவில் பணியாற்றினார். இந்தியர்களின் எண் முறையை விளக்கி அவர் எழுதிய நூலின் அரபு மூலம் இன்று கிடைக்கவில்லை. அதன் இலத்தீன் வடிவம் எஞ்சியது. அவருடைய பெயரும் இலத்தீன் நாவில் 'அல்கோரிஸ்மி' என்று திரிந்தது. முதலில் அந்த எண்களால் கணக்கிடும் முறைக்கும், பின்னர் படிப்படியான எந்தச் செய்முறைக்கும் அதுவே பெயராயிற்று.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கணினியை அவர் கண்டுபிடிக்கவில்லை. படிப்படியாகக் கணக்கிடும் வழக்கமும் அவரோடு தொடங்கியதன்று. யூக்ளிடிடமும் பிரம்மகுப்தரிடமும் அது முன்பே உண்டு. இந்த உண்மைகளைச் சொல்வதால் அவருடைய மதிப்பு ஓர் அணுவும் குறையாது.

820ஆம் ஆண்டையொட்டி அவர் எழுதிய அல்ஜப்ர் நூலுக்கு வருவோம். வாரிசுரிமை, வஸிய்யத், வாணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்குத் தேவைப்படும் கணக்குகளுக்காகவே எழுதுவதாக முன்னுரையில் கூறுகிறார். நூலின் பெரும்பகுதி ஃபராயிள் கணக்குகள்தாம். இன்றைய இயற்கணிதக் குறியீடு ஒன்றுகூட அதில் இல்லை. எல்லாமே சொற்கள்: இதை எடு, பாதியாக்கு, அதோடு கூட்டு. தெரியாத அளவுக்கு 'ஷைஉ', அதாவது 'ஒரு பொருள்' என்று பெயரிட்டு, அதன் மதிப்பு தெரியாமலேயே மேலே செல்வார்.

அதிலுள்ள ஒரு கணக்கு இது. ஒரு பெண் இறந்துவிடுகிறாள். கணவர், ஒரு மகன், மூன்று மகள்கள் உள்ளனர். வாரிசல்லாத ஒருவருக்குத் தன் சொத்தில் எட்டில் ஒன்றையும் ஏழில் ஒன்றையும் சேர்த்து வஸிய்யத் செய்திருக்கிறாள்.

எட்டில் ஒன்றும் ஏழில் ஒன்றும் சேர்ந்தால் 56இல் 15. வாரிசுகளின் சம்மதமின்றி வஸிய்யத் மூன்றில் ஒன்றை மிஞ்சக் கூடாது; இது அதற்குள் அடங்குகிறது. எஞ்சிய 41 பங்கில் கணவருக்குக் கால்பங்கு. மீதியில் மகனுக்கு இரண்டு, மகள் ஒவ்வொருவருக்கும் ஒன்று. அந்த எச்சத்தை 20 கூறாக்கினால் கணவருக்கு 5, மகனுக்கு 6, மகள்களுக்கு மும்மூன்று. முழுச் சொத்தையும் 56 × 20 = 1120 கூறாகக் கொண்டால் வஸிய்யத் 300, கணவர் 205, மகன் 246, மகள் ஒவ்வொருவருக்கும் 123. கூட்டிப் பாருங்கள், 1120 வரும்.

நிரலாக்கத்தின் அடிப்படைகள் யாவும் இந்தச் சிறு கணக்கில் இருக்கின்றன. சொத்துக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு, தொகை தெரியாமலேயே கணக்கை நகர்த்துகிறோம். நிரலில் அதற்கு 'மாறி' என்று பெயர். கடனும் வஸிய்யத்தும் போகத்தான் பங்கீடு. வரிசை மாறினால் விடை மாறும். பிள்ளைகள் இருந்தால் கணவருக்குக் கால், இல்லையேல் பாதி என்று சூரா அந்நிஸா வகுப்பது ஒரு நிபந்தனை. மகள் ஒவ்வொருவருக்கும் ஒரே செயலைத் திரும்பச் செய்வது சுழற்சி. மதரஸாவில் ஃபராயிள் படித்த மாணவர் இவை நான்கையும் முன்பே அறிந்தவர். அவரிடம் இதை எவரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்!

இந்தப் படிகளை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் எண்ணம் வர ஆயிரம் ஆண்டுகளாயின. சார்லஸ் பாபேஜ் வடிவமைத்த, கட்டி முடிக்கப்படாத ஒரு கணிப்பொறிக்காக 1843இல் ஏடா லவ்லேஸ் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி படிநிலைகளை எழுதி வெளியிட்டார். கணினிகள் உண்மையில் வந்த பிறகும் நெடுநாள் அவை நிபுணர்களின் உடைமையாகவே இருந்தன. துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரு கணிதப் பேராசிரியர்கள் இதை மாற்ற விரும்பினர். கணிதமோ அறிவியலோ படிக்காத மாணவரும் நிரல் எழுத வேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம். அதற்காக அவர்கள் அமைத்த 'பேசிக்' மொழி 1964 மே 1 அன்று விடியற்காலை 4 மணிக்கு (நாம் ஃபஜ்ருக்கு எழ முனையும் நேரம்!) முதன்முதலாக இயங்கியது. எளிய சொற்கள், உடனடி விடை. இன்று தொடக்க மாணவர்கள் பெரும்பாலும் கற்கும் 'பைத்தான்' 1991இல் வெளிவந்தபோதும், படிப்பதற்கு எளிதாக இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கங்களுள் ஒன்று. ஆங்கிலம்தான் தடையென்றால், 'பதிப்பி', 'ஆனால்', 'முடி' என்று தமிழ்ச் சொற்களாலேயே கட்டளையிடும் 'எழில்' என்ற மொழியும் இருக்கிறது.

எனவே, பிள்ளை மூடி வைத்த மடிக்கணினியைத் திறந்து, மேற்கண்ட கணக்கையே முதல் நிரலாக எழுதச் சொல்லலாம். பத்துப் பதினைந்து வரிகள் போதும். 1120 என்று கொடுத்தால் 300, 205, 246, 123 என வர வேண்டும். வராவிட்டால் எந்தப் படியில் பிழை என்று தேட வேண்டும். நிரல் எழுதுவோரின் நேரம் பெரும்பாலும் இதில்தான் கழிகிறது.

விடை சரியாக வந்ததும், மகனை நீக்கிவிட்டு மீண்டும் ஓட்டச் சொல்லுங்கள். கணவருக்குப் போக மீதி முக்கால் பங்கையும் நிரல் மூன்று மகள்களுக்கே தந்துவிடும், கொஞ்சமும் தயங்காமல். மகனின்றி இரண்டுக்கு மேற்பட்ட மகள்கள் மட்டும் இருந்தால் அவர்களுக்கு மூன்றில் இரண்டு என்று சூரா அந்நிஸாவின் 11ஆம் வசனம் வகுத்திருப்பதை நாம் அதற்குச் சொல்லவில்லையே! அந்த நிபந்தனையைச் சேர்த்தால், பன்னிரண்டில் ஒரு பங்கு யாருக்கும் சேராமல் எஞ்சி நிற்கும். அது யாருக்கு என்று கேட்க, பிள்ளை மடிக்கணினியோடு ஹஸ்ரத்திடம் போக வேண்டியிருக்கும்.