இரண்டு நூற்றொன்றுகள்

2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் நியூயோர்க் கணக்கிலிருந்து கள்வர்கள் வெளியே எடுத்த தொகை 101 மில்லியன் டொலர். 2023 ஓகஸ்டில், கோப்புகளைப் பூட்டும் கப்பமென்பொருள் தாக்குதலொன்றில், இலங்கை அரசின் மின்னஞ்சல் முறைமையிலிருந்து அழிந்துபோன கடிதங்களின் காலம், மே 17 இலிருந்து ஓகஸ்ட் 26 வரை எண்ணினால், 101 நாள். அங்கே போனது காசு. இங்கே போனது ஞாபகம். எண் ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனால் அந்தத் தற்செயலைச் சாட்டாக வைத்து இரண்டையும் அருகருகே கிடத்திப் பார்த்தபோது, தற்செயல் என்று தள்ளிவிட முடியாத ஒற்றுமைகளும் தென்பட்டன. மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு கணினியையும் ஒரு ஜீமெயில் முகவரியையும் நம்பி வியாபாரம் செய்பவருக்கு டாக்காவும் கொழும்பும் எட்டாத விடயங்களாகத் தோன்றலாம். தொகையையும் பதவிகளையும் கழித்துவிட்டுப் பார்த்தால், இரண்டுமே அவருடைய கடைக்குள்ளும் நடக்கக் கூடியவை.

முதலில் கிழமையைப் பார்ப்போம். வங்கிக் களவு ஒரு வியாழன் இரவில் நடந்தது. டாக்காவில் வெள்ளியும் சனியும் விடுமுறை. நியூயோர்க்கில் சனியும் ஞாயிறும். பணம் போய்ச் சேர்ந்த மணிலாவில் திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு. மூன்று நாட்டு நாட்காட்டிகளையும் ஒட்டவைத்து, கேள்வி கேட்க ஆளில்லாத நாட்களைத் தெரிந்தெடுத்திருந்தார்கள். அரச மின்னஞ்சல் விழுந்த ஓகஸ்ட் 26 உம் ஒரு சனிக்கிழமையே. நம்முடைய பக்கத்தில் மட்டக்களப்பு நகருக்கு ஞாயிறு, காத்தான்குடிக்கு வெள்ளி நடுப்பகல், வங்கிகளுக்குப் போயா. ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய இலக்கத்துக்கு இன்றைக்கே அனுப்புங்கள்’ என்று ஒரு மின்னஞ்சல் வருமானால், அது எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

அடுத்தது, உள்ளே வந்த வழி. டாக்கா வங்கிக்கு 2015 ஜனவரியிலேயே வேலை கேட்டு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. சுயவிபரக் கோவையைத் தரவிறக்கிப் பார்க்கும்படி பணிவாகக் கேட்டிருந்தது. யாரோ திறந்தார்கள். அதன்பின் ஓராண்டு காலம் கள்வர்கள் உள்ளேயே இருந்து, வங்கி எப்படி வேலை செய்கிறது என்று படித்தார்கள். இலங்கையில், தாக்குதலுக்கு முந்திய சில வாரங்களாகச் சந்தேகமான இணைப்புகள் வந்துகொண்டிருந்ததாக அரச மின்னஞ்சலைப் பாவித்தவர்கள் சொன்னார்கள். அதில் ஒன்றை யாரோ அழுத்தியிருக்கலாம் என்று கருதப்பட்டது. டாக்காவில் நடந்ததை அமெரிக்க விசாரணையாளர்கள் தடம் பிடித்துக் காட்டினார்கள். கொழும்பில் நடந்தது ஊகத்தின் அளவில்தான் நிற்கிறது. இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு ஒற்றுமையைக் கொண்டாடுவது நியாயமாகாது.

இங்கே வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை ஒன்று உண்டு: தெரியாதவர்களின் மின்னஞ்சலைத் திறக்கவேண்டாம். வியாபாரிக்கு இது உதவாது. பாசிக்குடாவில் விடுதி நடத்துபவருக்குத் தெரியாதவர்கள்தான் வாடிக்கையாளர்கள். காத்தான்குடிப் புடவைக் கடைக்குப் புதிய விலைப்பட்டியல் அறியாத முகவரியிலிருந்துதான் வரும். திறப்பதே அவர்கள் தொழில் என்றால், எதில் திறப்பது என்பதே கேள்வி. வங்கிக் கணக்கைக் கையாளும் கணினியில் வேறெந்த இணைப்பையும் திறக்காதிருப்பது ஒரு வழி. கோப்பைத் தரவிறக்காமல் மின்னஞ்சலுக்குள்ளேயே முன்தோற்றத்தில் பார்ப்பது இன்னொரு வழி. சுருக்கிக் கட்டப்பட்ட சிப் கோப்பாக ஒரு சுயவிபரக் கோவை வருமானால், ஏன் கட்டினார்கள் என்று கேட்பது மூன்றாவது. ஒரு பக்கத் தாளை யாரும் மூட்டையில் கட்டி அனுப்புவதில்லை.

பழைய பொருட்களைப் பற்றிச் சுருக்கமாக. டாக்கா வங்கியின் வலையமைப்பில் பத்து டொலர் பெறுமதியான பாவித்த கருவிகள் பொருத்தப்பட்டிருந்ததாக அந்நாட்டுப் பொலிஸ் விசாரணையாளர் சொன்னார். இலங்கை அரசின் மின்னஞ்சல் ஓடியது எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மென்பொருளில். அதற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2023 ஏப்ரலில் நிறுத்தியிருந்தது. 2021 இலிருந்தே மாற்ற நினைத்ததாகவும், நிதியும் தீர்மானமும் இழுபட்டதாகவும் பொறுப்பான நிறுவனம் கூறியது. 2022 ஆம் ஆண்டில் இந்நாடு இருந்த இருப்பை நினைத்தால் இதைக் கேட்டுச் சிரிக்க முடியாது. கடைகளில் இதே நோய்க்கு ‘ஓடுதுதானே, ஓடட்டும்’ என்று பெயர். விண்டோஸ் 10 இற்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்தது. அது ஓடும் கணினிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இதுவரை ஒற்றுமைகளையே கண்டோம். இயல்பில் இரண்டும் நேரெதிர். வங்கிக்குள் வந்தவனுக்கு மௌனம் தேவைப்பட்டது. தான் வந்ததே தெரியாமல் இருந்தால்தான் பணம் தப்பும். அரச முறைமைக்குள் வந்தவனுக்குச் சத்தம் தேவைப்பட்டது. பூட்டிவிட்டேன் என்று அறிவித்தால்தான் கப்பம் கேட்கலாம். அதனால் அறிகுறிகளும் எதிரெதிரானவை. ஒருவன் எதையும் மாற்றாததுபோல் காட்டினான். மற்றவன் எல்லாவற்றையும் மாற்றியதை மறைக்கவில்லை. முதலாமவனை எதிர்பார்த்துக் கட்டிய காவல் இரண்டாமவனிடம் பலிக்காது என்றுதான் எவரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், அச்சியந்திரத்தின் கதையை மறுபடி படிக்கும்வரை.

டாக்கா வங்கியின் பத்தாவது மாடியில் ஓர் அச்சியந்திரம் இருந்தது. வங்கி அனுப்பும் ஒவ்வொரு பணக் கட்டளையையும் அது தானாகவே தாளில் அடித்துத் தள்ளும். மனிதன் மறந்தாலும் தாள் மறக்காது என்பதே ஏற்பாடு. பெப்ரவரி 5 காலையில் அது வேலை செய்யவில்லை. பிரின்டர் மக்கர் பண்ணுவது எந்த அலுவலகத்தில் புதினம்? வழமையான கோளாறு என்றுதான் எண்ணினார்கள். கள்வர்களின் மென்பொருளே அதன் வாயை அடைத்திருந்தது. கொழும்பிலோ, அரச மின்னஞ்சலுக்குக் காப்புப் பிரதி இருந்தது. ஆனால் அது அதே வலையமைப்பில், எப்போதும் இணைக்கப்பட்ட நிலையில் இருந்தது. முறைமையைப் பூட்டியவன் பிரதியையும் சேர்த்துப் பூட்டினான். பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் முறைமையை மீண்டும் எழுப்பிவிட்டார்கள். எழும்பியது, ஆனால் அந்த 101 நாட்களைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியவில்லை. ஏறத்தாழ 5,000 முகவரிகள். அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் ஒன்று.

அச்சியந்திரம் நடப்பதைச் சொல்லும் சாட்சி. காப்புப் பிரதி நடந்ததைச் சொல்லும் சாட்சி. இருவரும் காவல் காக்க வேண்டிய பொருளோடு ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். வீட்டுக்குள் வந்தவன் பொருளோடு சேர்த்துச் சாட்சியின் வாயையும் கட்டினான். மௌனம் வேண்டியவனும் சத்தம் வேண்டியவனும் இந்த ஒரு விடயத்தில் ஒரே மாதிரி நடந்துகொண்டதுதான், இந்த ஒப்பீட்டில் நான் எதிர்பாராத உறவு.

இதைவிடப் புத்தியான ஏற்பாடு நம்முடைய கடைகளில் முன்பே உண்டு: காபன் தாள் வைத்த பில் புத்தகம். மேற்தாள் வாடிக்கையாளரோடு போகும். அடித்தாள் கடையில் கிடக்கும். கடை எரிந்தாலும் கணக்கின் பாதி ஊருக்குள் வாழும். முதலாளி அடித்தாளைத் திருத்தினால் மேற்தாள் காட்டிக்கொடுக்கும். கணினி வந்தபோது வேகம் கிடைத்தது, மேற்தாள் போய்விட்டது.

டாக்காவால் தன் இழப்பைக் கணக்கிட முடிந்ததற்கும் இதுவே காரணம். உள்ளூரில் பதிவுகளைக் கள்வர்கள் அழித்திருந்தாலும், கட்டளைகளின் மறுமுனை நியூயோர்க்கில் இருந்தது. கள்வர்கள் அனுப்பிய முப்பத்தைந்து கட்டளைகளும் அங்கே வரிசையாகக் கிடந்தன. அரச மின்னஞ்சலுக்கு அந்த வாய்ப்புப் பாதிதான். ஓர் அரச அலுவலகம் இன்னோர் அரச அலுவலகத்துக்கு எழுதியிருந்தால் இரண்டு முனையும் ஒரே முறைமைக்குள், இரண்டும் போயிற்று. அதே அலுவலகம் ஒரு தனியார் ஒப்பந்தகாரருக்கு எழுதியிருந்தால் அந்தக் கடிதம் அவருடைய ஜீமெயிலில் உயிரோடு இருக்கும். அந்த மூன்று மாதங்களில் கச்சேரிக்கு அரிசி கொடுத்த ஒரு மில்காரரின் தொலைபேசி, தன்னையறியாமல் அரசின் ஆவணக் காப்பகமாக மாறியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதில் எனக்கொரு குறும்பான மகிழ்ச்சி உண்டு.

இனி இலங்கை நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி. நிறைவேறிய ஐந்து கட்டளைகளில் நான்கு மணிலாவுக்கு, மொத்தம் 81 மில்லியன் டொலர். ஐந்தாவது, 20 மில்லியன், இலங்கையில் ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு. மணிலாவுக்குப் போனதில் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளுக்குள் கரைந்தது. இங்கே வந்தது திரும்பிப் போயிற்று. காரணம் எல்லோரும் கேள்விப்பட்டதே: ‘ஃபவுண்டேஷன்’ என்ற சொல்லைக் கள்வர்கள் ‘ஃபண்டேஷன்’ என்று எழுதிவிட்டார்கள். எழுத்துப்பிழை நாட்டைக் காத்த கதையாக இது பரவிவிட்டது. எழுத்துப்பிழை கண்டால் உசாராகுங்கள் என்ற அறிவுரையும் அதிலிருந்து பிறந்தது.

அந்த அறிவுரைக்கு வயதாகிவிட்டது. செயற்கை நுண்ணறிவு எழுதிக்கொடுக்கும் மோசடி மடல், நம் கடைக் கடிதத்தைவிடச் சுத்தமான ஆங்கிலத்தில் இருக்கிறது. பிழையைத் தேடினால் நேர்மையான வியாபாரிதான் முதலில் அகப்படுவார். உண்மையில் காப்பாற்றியது பிழையல்ல, பிழையைக் கண்டவர் என்ன செய்தார் என்பதே. இடையில் இருந்த ஜெர்மன் வங்கியில் ஒருவர் நிறுத்தித் திருப்பிக் கேட்டார். கொழும்பில் பணம் பெறவேண்டிய வங்கியும் இத்தொகை இந்நாட்டுக்கு மிகப் பெரிதென்று சந்தேகித்தது. மீதி முப்பது கட்டளைகள் நியூயோர்க்கில் தடைப்பட்டதும் ஒரு கேள்வியால்தான். மணிலா வங்கிக் கிளை இருந்த ஜுப்பிட்டர் என்ற வீதிப் பெயர், தடைப்பட்டியலில் இருந்த ஈரானியக் கப்பலொன்றின் பெயரோடு பொருந்தியது. பாதி அதிர்ஷ்டம், பாதி கேள்வி. புறக்கோட்டை மொத்த வியாபாரியின் பெயரில் ‘கணக்கு மாறிவிட்டது’ என்று மடல் வந்தால், அதிலுள்ள இலக்கத்துக்கு அழைக்காமல், பழைய பில்லில் உள்ள இலக்கத்துக்கு எடுத்து, ‘அண்ணன், கணக்கு மாத்தின நீங்களா?’ என்று கேட்கும் ஒரு நிமிடம், அந்த ஜெர்மன் வங்கிக்காரர் செலவிட்ட நிமிடத்துக்குச் சமம். மடலுக்கே பதில் போட்டுக் கேட்பது, கள்வனிடமே ‘நீ கள்வனா’ என்று கேட்பது.

கொழும்பு நிகழ்வுக்கு இப்படி ஒரு கேள்வியால் மீளும் வாய்ப்பு இருக்கவில்லை. பூட்டிய பின் கேட்பதற்கு எவருமில்லை. அங்கே முன்கூட்டிச் செய்யவேண்டியது ஒன்றுதான்: பிரதியைப் பிரித்து வைப்பது. தாக்குதலுக்குப் பிறகு இணைப்பில்லாத காப்புப் பிரதியை நாளாந்தம் எடுப்பதாக அறிவித்தார்கள்.

எவ்வளவு தூரம் பிரிப்பது என்பதற்கு வாவியே அளவுகோல் தருகிறது. 2004 டிசம்பரில் கடல் ஏறியபோது நாவலடியும் கல்லடியும் உள்ளிட்ட எழுவான்கரை அடிபட்டது. வாவிக்கு அப்பால் படுவான்கரை தப்பியது. 2011 ஜனவரி மழைவெள்ளத்தில் படுவான்கரை நீருக்குள் கிடந்தது. ஆகவே கடைக் கணக்கின் ஹார்ட்டிஸ்க் ஒன்று காத்தான்குடியில், இன்னொன்று மண்முனைப் பாலம் தாண்டிக் கொக்கட்டிச்சோலையில் மச்சான் வீட்டு அலுமாரியில் என்று வைத்தால் ஒரே தண்ணீர் இரண்டையும் தொடுவது அரிது. அரிது, முடியாதது அல்ல. 1978 நவம்பர் 23 சூறாவளி இரண்டு கரையையும் ஒரே இரவில் துடைத்தது. அதனால் மூன்றாவது பிரதி மாவட்டத்துக்கு வெளியே, இணையத்தில். ஆனால் இணையப் பிரதி மட்டும் போதும் என்பவருக்குக் கொழும்பின் அனுபவமே பதில்: எப்போதும் கோர்த்திருக்கும் பிரதி, இன்னொரு பெயரில் அதே கணினிதான்.

இன்னொரு சாட்சியும் உண்டு; அதை அநேகர் கவனிப்பதில்லை. இங்கே பல வியாபாரிகளின் மின்னஞ்சலை முதன்முதலில் திறந்துகொடுத்தவர்கள் கொமினிகேஷன் கடைப் பிள்ளைகள். கடவுச்சொல் மறந்தால் மீட்கும் தொலைபேசி இலக்கமாக அந்தக் கடையின் இலக்கத்தையே போட்டுவிட்டார்கள். கெட்ட எண்ணத்தால் அல்ல, வேலை சுருக்காக முடிய. கடை கைமாறியிருக்கும், சிம் வேறொருவரிடம் போயிருக்கும். இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டிருந்தாலும், அந்த இரண்டாவது படி யாருடைய கையில் இருக்கிறது என்று அமைப்புகளுக்குள் போய்ப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. சாட்சியைத் தூரத்தில் வைக்கச் சொன்ன நான், இங்கே சொந்தச் சட்டைப்பைக்குள் வைக்கச் சொல்கிறேன். பணத்துக்கும் ஞாபகத்துக்கும் சாட்சி வெளியே இருக்கவேண்டும். திறப்புக்குச் சாட்சி உரிமையாளரிடமே இருக்கவேண்டும்.

கணினியில் ஏதும் நடந்தபின் அழைப்பதற்கென இலங்கைக் கணினி அவசர தயார்நிலைக் குழு ஓர் இலக்கம் வைத்திருக்கிறது. அது மூன்றாவது நூற்றொன்று: 101.