அழுகாத புழு (தொடர் - 14)

சென்ற வாரம் ஃபிளெமிங்கின் 1928 பூஞ்சைத் தட்டோடு நிறுத்தியிருந்தோம். ஆன்டிபயாட்டிக் கதைக்கு இந்த வாரம் லண்டன் வேண்டாம். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்துக்குப் போவோம்.

1963-இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. விசாகம் திருநாள் மகாராஜா 1880களில் திருவிதாங்கூரில் பரப்பிய மரவள்ளிதான் அதன் செல்லப்பிள்ளை. குமரி மாவட்டத்தாருக்கு மரச்சீனி என்றால்தான் நாக்கு ஊறும். கிழங்கு ஆராய்கிற இடத்தில் ஆன்டிபயாட்டிக்குக்கு என்ன வேலை?

பூச்சியைக் கொல்ல வழி தேடியதில் வந்த வேலை அது. மண்ணில் சில நூற்புழுக்கள் பூச்சிகளை வேட்டையாடும். அவற்றைப் பிடிக்கிற தூண்டில் வேடிக்கையானது. தேனடையைத் தின்று நாசமாக்கும் மெழுகு அந்துப்பூச்சியின் புழுவை, டப்பா மண்ணுக்குள் போட்டுச் சில நாள் விட்டுவிடுவார்கள். நூற்புழு அதன் வாய் வழியாகவோ மூச்சுத்துளை வழியாகவோ நுழைந்து, கூடவே கொண்டுவந்த பாக்டீரியாவை ரத்தத்தில் இறக்கிவிடும். ஓரிரு நாளில் பூச்சி முடிந்தது.

ஆனால் ஈர மண்ணில் கிடக்கும் அந்தப் பிணம் நாறுவதில்லை. நிறம் மாறும், உருவம் குலையாது. உள்ளே நூற்புழு தின்று பெருக நாள் பிடிக்கும். அதுவரை வேறு கிருமி எதுவும் பந்தியில் உட்காராதபடி பாக்டீரியா ரசாயனம் சுரந்து காவல் காக்கிறது. விருந்து வைத்தவனே வாசலிலும் நிற்கிறான்!

அந்தக் காவல் ரசாயனத்தைத்தான் ஸ்ரீகாரியம் ஆய்வாளர்கள் துழாவினார்கள். நூற்புழுவோடு வாழும் ஒரு பேசில்லஸ் வகை பாக்டீரியாவிலிருந்து இரண்டு ஸ்டில்பீன்களைப் பிரித்ததாக 2012-இல் ஆய்விதழில் எழுதினார்கள். இரண்டு பென்சீன் வளையங்கள், நடுவே இரட்டைப் பிணைப்புப் பாலம். ஸ்டில்பீனின் எலும்புக்கூடு அவ்வளவுதான். ஒன்று ரெஸ்வெராட்ரால். திராட்சைத் தோலிலும் நிலக்கடலையிலும் இருக்கிறதே, அதே. மற்றதில் ஒரு வளையத்தின் தலையில் ஐசோபுரோப்பைல் கொத்து ஒன்று கூடுதலாக ஒட்டியிருந்தது.

இந்த இரண்டாவது சரக்கு புதிதல்ல. ஃபோட்டோராப்டஸ் என்ற இன்னொரு நூற்புழுக் கூட்டாளியில் அதை முன்பே கண்டிருந்தார்கள். கனடாவில் அதை மருந்தாக்கும் வேலையும் தொடங்கியிருந்தது. 2022 மே மாதம் சோரியாசிஸ் தோல்நோய்க்கான களிம்பாக அமெரிக்கா அனுமதித்த டாபினரோஃப் அதுதான். இப்போது அதை ஆலையில் செயற்கையாகவே செய்கிறார்கள். புழுவைத் தேய்க்கிறோமோ என்று யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

அடுத்த வாரம் புனே பக்கம், பிம்பிரி.