சிறார் நீதியும் தேயிலை மலையும்

ஒரு நாட்டின் சிறப்பை அதன் மாட மாளிகைகளைக் கொண்டு மதிப்பிடுவோர் உளர். வழிதவறிய சிறுவனுக்கு அந்நாடு எத்தகைய இடம் தருகிறது என்பதே அதனினும் நேரிய அளவுகோலாகும்.

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் கண்டறிந்த பகாங் மலைநாட்டில், 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தோற்றுவித்தார். காட்டை அழித்துக் கன்று நட்டவருள் தமிழர் பலர். அன்னார் பிள்ளைகளுக்குச் சட்டம் முதலில் காட்டிய முகம், தோட்டப் பள்ளியை வற்புறுத்திய 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமே. தவறிழைத்த சிறாருக்கெனத் தனிச்சட்டம் பின்னரே வந்தது.

அதற்கு முன் போர் வந்தது. சயாம் மரண இரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர், திரும்பாதோர் பலர். தந்தையற்ற பிள்ளைகள் நாடெங்கும் பெருகினர். 1946இல் சமூகநல இலாகா அமைந்தது. 1947இல் சிறார் நீதிமன்றச் சட்டம் பிறந்தது. மூடிய அறையில் விசாரணை, நீதிபதிக்குத் துணையாக இரு ஆலோசகர், சிறாரின் பெயரை ஏடுகள் வெளியிடலாகாது என்னும் தடை ஆகியன அதன் நற்கூறுகள். மலாக்கா தெலுக் மாஸில் எழுந்த சீர்திருத்தப் பள்ளி, பின்னர் ஹென்றி கர்னி பெயரைத் தாங்கியது.

இப்பள்ளிகளுக்கு இடமும் பணமும் தருபவர் யார்? கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை, சிறைச்சாலை, சீர்திருத்தப் பள்ளி, சிறார் குற்றவாளி ஆகியவற்றைக் கூட்டரசின் பட்டியலில் வைத்துள்ளது. ஆகவே பகாங் சட்டமன்றம் இதில் சட்டம் இயற்ற இயலாது. நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஒதுக்கும் தொகையே அடித்தளம். நாடு முழுமைக்கும் சில பள்ளிகளே என்பதால், தோட்டத்துத் தாய் தாப்பா மலைப்பாதையில் இறங்கி, பேராக்கைக் கடந்து, மலாக்காக் கடற்கரைவரை சென்றே மகனைக் காண இயலும். நாட்கூலிக்குக் கொழுந்து பறிப்பவளுக்கு அப்பயணமே ஒரு தண்டனை.

பிணைமுறியின் பேரிலோ நன்னடத்தைக் கண்காணிப்பிலோ சிறுவனை வீட்டுக்கு அனுப்பவும் சட்டம் இடந்தந்தது. எனினும் அதற்கு உறுதியான இல்லம் வேண்டுமன்றோ? வேலை போனால் லயத்து வீடும் போகும் என்ற நிலையில், எவ்வுறுதியை அவள் அளிக்க இயலும்? ஏழைமை குற்றமன்று, ஆயினும் குற்றத்தின் பயனை அது கூட்டிவிடுகிறது.

1975ஆம் ஆண்டுப் பாதுகாப்பு வழக்கு விதிகள் சிறாரையும் பெரியோரையும் ஒருங்கே நிறுத்தின. 1977இல் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. கருணையால் அவன் உயிர்தப்பி ஹென்றி கர்னி பள்ளிக்கு அனுப்பப்பட்டான். 2001ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் பழைய சட்டத்தை நீக்கியது; 2016ஆம் ஆண்டுத் திருத்தம் சிறுவர்க்கான பிரம்படியை ஒழித்தது.

சட்டத்தின் சொற்கள் கனிந்துள்ளன, நன்று. அச்சொற்களுக்கேற்ற இல்லங்களும், ஆசிரியரும், பெற்றோர் எட்டக்கூடிய தொலைவும் அமைந்தாலன்றி, மலைமேல் பிறந்த பிள்ளைக்கு நீதி கடல்தொலைவிலேயே நிற்கும்.